பொன்னியம்மாள் பெருக்கிய சவுக்குத் தோப்பு

ஆரணியை ஒட்டிய சேவூரில் தறி ஓடாத வீடு குறைவு. அத்தனை வீடுகளிலும் தரை மிகத் தூய்மையாக இருப்பது எங்கே என்று கேட்டால், அந்நாளில் ஊரார் பொன்னியம்மாளின் வீட்டைத்தான் காட்டியிருப்பார்கள். பட்டின் நெடுக்கிழைகளான பாவு விரித்த இடத்தில் தூசு எழுந்தால் அது இழையில் படிந்து சாயத்தின் ஒளியைக் கெடுக்கும். ஆகையால் நெசவு வீட்டுப் பெண்கள் விடியலில் ஒரு முறையும் விளக்கேற்றும் முன் ஒரு முறையும் பெருக்குவது வழக்கம். பொன்னியம்மாள் உச்சிப்பொழுதிலும் பெருக்குவாள். கணவர் சின்னப்பையன் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நெய்துகொண்டிருக்கையில், காலைத் தூக்கச் சொல்லி மிதிபலகையின் அடியிலும் துடைப்பத்தை ஓட்டுவாள். அவர் பொறுமைசாலி. ஊடிழை ஓட்டும் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை காலை மடக்கி அமர்ந்திருப்பார்.

அவள் கைக்குப் பிடிபடாத அழுக்கு ஒன்று இருந்தது. அது அவள் நெஞ்சுக்குள் இருந்தது. ஓரகத்தி குணசுந்தரியை நினைத்தாலே அங்கே ஏதோ எரியும்.

குணசுந்தரி, சின்னப்பையனின் தம்பி தசரதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வெம்பாக்கத்துப் பக்கம் பிறந்தவள். ஒரே இனத்தார்தாம், ஆனால் அவள் பிறந்த வீட்டில் தறி இல்லை, ஏர்தான் உண்டு. பாவு நூலைக் கையில் எடுத்தால் இரண்டு இடத்தில் அறுப்பாள், அறுத்துவிட்டுச் சிரிப்பாள். மூத்த மருமகள் ஓரிழை தவறவிட்டாலும் முகம் சுளிக்கிற மாமனார், சின்ன மருமகள் அறுத்த இழையைத் தாமே எடுத்து முடிந்து கொடுத்தார். மாமனார் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பொன்னியம்மாள் அந்த முடிச்சை மறக்கவில்லை. சுந்தரியின் எருமை கறந்த பால் கெட்டியாக இருந்தது. சுந்தரி வைத்த கனகாம்பரம் முதலில் பூத்தது. படவேட்டு அம்மன் சந்நிதியில் இருவரும் ஒருங்கே கைகூப்பி நிற்கும்போதும், பொன்னியம்மாள் தன் வேண்டுதலைப் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் மூடிய விழிகளோடு நிற்பவள் என்ன கேட்கிறாளோ, அது கிடைத்துவிடுமோ என்று எண்ணுவாள். தாயின் திருமுன் நின்று இப்படி நினைக்கிறோமே என்று கூசுவாள். கூசினாலும் அடுத்த முறையும் நினைப்பாள்.

ஆற்றங்கரை மேட்டில் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் மணற்பாங்கான நிலம் இருந்தது. மழையை நம்பி மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு சகோதரர் பாகம் பிரித்தார்கள். அண்ணன் கோடு கிழிப்பதும், கிழித்த பாதிகளில் ஒன்றைத் தம்பி முதலில் எடுத்துக்கொள்வதும் அவர்கள் வகையில் முறை. சின்னப்பையன் கயிறு பிடித்து, ஒரு சாணும் ஏறாமல் குறையாமல் நடுவில் வரப்புப் போட்டார். தசரதன் கிழக்குப் பாதியை எடுத்தான். மண்ணும் மழையும் இரு பாதிக்கும் ஒன்றே. கிணறும் வரப்பின்மேல் பொதுவாக நின்றது. ஆனாலும் கிழக்குதான் நல்ல பாதி என்று அன்று பொழுது சாயும் முன்பே பொன்னியம்மாளுக்குத் தோன்றிவிட்டது. அவர்கள் மேற்கை எடுத்திருந்தால் மேற்குதான் நல்லது என்று தோன்றியிருக்கும். இதை அவளே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டாள்.

அக்காலத்தில் ஆரணியின் சாயப்பட்டறைகளுக்கு விறகு போதவே போதாது. கச்சாப் பட்டுநூலைச் சவுக்காரமும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கினால்தான் அது பட்டாகும். பிறகு சாயக் கொப்பரைக்கும் அதே கொதி வேண்டும். விறகு ஜவ்வாது மலையிலிருந்து வண்டி வண்டியாக இறங்கியது. ஆண்டுக்காண்டு வண்டிகள் இன்னும் தொலைவுக்குப் போகவேண்டியிருந்தது; மலையடிவாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. விறகையே பயிராக வளர்த்தால் மலை பிழைக்கும் என்று சொல்லி, எண்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில், மேட்டுநிலக்காரர்களுக்குச் சவுக்குக் கன்றுகளை வனத்துறையார் இலவசமாகக் கொடுத்தார்கள். தீபாவளிச் சேலைகள் தறியில் நின்ற நேரம். ஆண்கள் எழுந்து வரமுடியாததால் ஓரகத்தியர் இருவரும் நாற்றுப்பண்ணைக்குப் போனார்கள். வாங்க வந்தவர்களின் பெயரையே பதிவேட்டில் எழுதினார்கள். நிலம் கணவர் பேரில், குடும்ப அட்டை கணவர் பேரில். தன் பெயரை ஒருவர் தாளில் எழுதியதைப் பொன்னியம்மாள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்து உள்ளம் குளிர்ந்தாள். அடுத்த வரியில் குணசுந்தரி என்று எழுதினார்கள். அது சற்றுப் பெரிய எழுத்தாக விழுந்துவிட்டது போல அவளுக்குப் பட்டது.

கன்றுகளை நட்டு, இரண்டு கோடை அந்தப் பெண்கள் குடத்தால் நீர் சுமந்து ஊற்றினார்கள். மரங்கள் ஆள் உயரம் தாண்டியதும் நிலத்தின் முகமே மாறியது. மல்லாட்டைக் காலத்தில் வரப்போரம் ஓடித்திரிந்த காடைகள் வரவில்லை. நிழலில் புல் முளைக்கவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் வேறு திசை பார்த்தார்கள். முன்பு நின்ற இடத்திலிருந்தே மொண்ட கிணற்றில் இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. ஆனால் காற்று அடித்தால் தோப்பு கடல்போல் இரையும். அந்த இரைச்சலைக் கேட்டால் பொன்னியம்மாளுக்கு ஏனோ கோயிலுக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

சவுக்கின் இலை ஊசி ஊசியாக உதிர்ந்து தரையை மூடும். பொன்னியம்மாளால் அதைச் சகிக்க முடியவில்லை. தறிவீட்டைப் பெருக்குவது போலவே தோப்பையும் பெருக்கினாள். வாரம் இரு முறை, மரம் மரமாகச் சுற்றி, மணல் வெள்ளையாகத் தெரியும்வரை பெருக்கி, சருகைக் கூடையில் கட்டி, ஆரணியில் தனக்கோடி நடத்திய சாயப்பட்டறைக்கு அடுப்பு மூட்ட அனுப்பிவிடுவாள். வரப்புக்கு அந்தப் பக்கம் சுந்தரியின் தோப்பில் சருகு கணுக்கால் ஆழம் கிடந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "இன்னாடி சுந்தரி, தோப்பா இது, குப்பமேடா?"

"மரம் அதுவா போட்டுக்கினு அதுவா மூடிக்கினு கெடக்குது. நடுப்புற நமக்கு இன்னாக்கா வேல?" என்றாள் சுந்தரி.

சோம்பலுக்கு இத்தனை அழகான பேச்சா என்று பொன்னியம்மாள் எரிந்தாள். சுந்தரியைப்போல் உழவர் வீட்டில் பிறந்த இன்னொருத்தி அந்த ஊரில் இருந்தால் அவளும் பெருக்கியிருக்க மாட்டாள் என்பதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. சேவூரில் தோப்பு வைத்தவர்கள் பெரும்பாலும் நெசவாளர்கள். எல்லாரும் ஏறக்குறைய அவளைப்போலத்தான் பெருக்கினார்கள், அவள் அளவுக்கு இல்லை என்பதே வேறுபாடு.

மூன்றாம் ஆண்டில் வேற்றுமை கண்ணுக்குத் தெரிந்தது. கிழக்குப் பாதி மரங்கள் பருத்திருந்தன. பொன்னியம்மாள் தறியில் கழித்த பாவுநூல் துண்டு ஒன்றை மடியில் செருகிக்கொண்டு போய், சுந்தரியின் மரத்தைச் சுற்றி அளந்து முடிச்சிட்டாள். அதே நூலைத் தன் மரத்தில் சுற்றினாள். முடிச்சுக்கு நான்கு விரல் முன்பே மரம் முடிந்துவிட்டது. வேறு மரத்தில் பார்த்தாள், மூன்றரை விரல். இன்னொன்றில் நான்கு. அந்த நூல் பல நாள் அவள் மடியிலேயே இருந்தது.

அதன்பிறகு அவள் சந்தேகிக்காதது ஒன்றுமில்லை. சுந்தரி திருட்டுத்தனமாக உரம் போடுகிறாள் என்று நினைத்தாள். தன் முறையில் கிணற்று நீரைக் களவாடுகிறாள் என்று நினைத்தாள். பிறந்த வீட்டிலிருந்து ஏதோ மந்திரித்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்றும் நினைத்தாள். கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஒரு பிற்பகல் வரப்பின் மறைவில் குந்திக் காத்திருந்தாள். வெயில் முதுகில் ஏறியது. கடைசியில் அவள் பிடித்தது, சருகு மெத்தையின்மேல் முந்தானையை விரித்து வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்த ஓரகத்தியைத்தான். உழைப்பவள் வெயிலில் குந்தியிருக்க, உறங்குபவளின் மரம் வளர்கிறது என்பதைவிட ஒரு பெண்ணுக்கு எரிச்சல் தருவது வேறென்ன உண்டு.

எண்பத்துநாலாம் ஆண்டு கார்த்திகையில் வனத்துறையின் களப்பணியாளர் ஜோசப்ராஜ் அளவு எடுக்க வந்தார். ஆரணிக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிற குரல் அவருக்கு, ஆதலால் மெல்லப் பேசினாலும் தோப்பு முழுதும் கேட்கும். மரங்களை அளவுநாடாவால் அளந்தார். இரு பாதியிலும் ஒவ்வொரு சதுரமீட்டர் தரையில் சருகை வாரி நிறுத்தார். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி மண்ணை முகர்ந்து பார்த்தார். கிழக்கு மண் ஈரமாக, கறுத்து, நூல்நூலான வெள்ளை இழைகள் படர்ந்து கிடந்தது. மேற்கு மண் கையில் எடுத்ததும் விரலிடுக்கில் ஓடியது.

"உங்க பக்கம் மரம் சன்னம்தாம்மா" என்றார்.

"நான் ஒழைக்காத ஒழைப்பா சார்? பாருங்க, ஒரு சருகு கெடக்குதா?"

"அந்த ஒழைப்பு தாம்மா கெடுத்துச்சு." அவர் கைமண்ணைத் தட்டிக்கொண்டு விளக்கினார். "மரம் காத்துல இருக்கற கரியமில வாயுவ இழுத்து, கட்டையா தழையா வேரா ஆக்கிக்குது. கட்டைய வெட்டிப் பட்டறையில எரிச்சா வந்த வழியே பொகையா போய்டும். மறுபடி நட்டா மறுபடி இழுக்கும், அது சரிக்குச் சரி. வேராவும் மக்கின சருகாவும் மண்ணுக்குள்ள எறங்குது பாருங்க, அதான் நம்மகிட்ட தங்கறது. மரத்துக்குச் சோறும் அதான், தண்ணிய புடிச்சு வெக்கறதும் அதான். அத நீங்க கூட கூடையா அடுப்புக்கு அனுப்பிகினு இருக்கீங்க."

இதை அவர் இருவருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். பொன்னியம்மாளின் காதில் விழுந்தது ஒன்றுதான்: சுந்தரியின் சோம்பல் வென்றுவிட்டது. போகும்போது ஜோசப்ராஜ் இன்னொரு செய்தியும் சொன்னார். வருகிற சித்திரையில் இந்தப் பக்கத்துத் தோப்புகளில் ஒன்றை மாதிரித் தோப்பு என்று தேர்ந்து, வளர்த்தவர் பெயரைத் தகரப் பலகையில் எழுதிச் சாலையோரம் நடுவார்கள். சேவூர்ப் பேருந்தில் போகிற வருகிற அனைவரும் படிக்கும்படியாக.

அன்று முதல் பொன்னியம்மாளுக்கு அந்தப் பலகை ஒன்றே நினைவு. பதிவேட்டுத் தாளில் ஒரு வரியாக விழுந்த பெயர் தகரத்தில் ஏறவேண்டும். அதுவும் சுந்தரியின் பெயர் ஏறாத தகரத்தில். பெருக்குவதை நிறுத்தினாள். துடைப்பம் எடுக்கத் துடித்த கையை இடுப்பில் செருகிக்கொண்டு தோப்பில் நடந்தாள். ஆனால் மூன்று ஆண்டு அள்ளிக்கொடுத்ததை இரண்டு மாதத்தில் மரம் திரும்ப உதிர்த்துவிடுமா? பாவுநூல் முடிச்சு நான்கு விரலிலேயே நின்றது.

தை பிறந்ததும் சுந்தரி மூன்றாம் பேறுக்காக வெம்பாக்கம் புறப்பட்டாள். நிறைசூலியாக வாசலில் நின்று, "தோப்ப கொஞ்சம் பாத்துக்கக்கா. இவருக்குத் தறிய உட்டா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொன்னியம்மாள் தலையசைத்தாள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவள் உள்ளத்தில் செய்யவேண்டிய காரியம் உருவாகிவிட்டது.

மறுநாள் முதல் கிழக்குப் பாதியைப் பெருக்கினாள். அதுவரை அவள் அறியாமல் பெருக்கியது வேறு. இது அறிந்து பெருக்கியது. கணுக்கால் ஆழச் சருகை மேலடுக்கு, நடுவடுக்கு, மக்கிக் கறுத்த அடியடுக்கு என்று ஒன்றும் விடாமல் வாரினாள். வாரியதைப் பட்டறைக்கு அனுப்பவில்லை. வரப்பைத் தாண்டித் தன் மரங்களின் காலடியில் கொட்டினாள். இரு வாரத்தில் மேற்குத் தோப்பில் நடந்தால் கால் புதைந்தது. கிழக்குத் தோப்பில் வெள்ளை மணல் பல்லைக் காட்டியது. பாகம் பிரித்த நாளில் விதித்ததை மாற்றி எழுதிவிட்ட களிப்பு அவளுக்கு.

தோப்புப் பக்கம் வந்த சின்னப்பையன் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். "இன்னாத்துக்கு அவங்க பக்கத்த பெருக்கற?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

அவர் மேலே கேட்கவில்லை. ஊரிலும் எவரும் கேட்கவில்லை. பெருக்குவதில் அவள் பெற்றிருந்த பெயரே அவளுக்குத் திரையாகியது. ஓரகத்தி இல்லாத நேரத்தில் அவள் தோப்பையும் சேர்த்துப் பெருக்குகிறாளே என்று இரண்டொருவர் புகழவும் செய்தார்கள். அந்தப் புகழை அவள் மறுக்கவில்லை.

பங்குனி கடைசியில், உச்சிவேளையில், ஆற்றுக்கு அப்பால் கரும்பு வெட்டிய கழனியில் காய்ந்த தழையான சோகையைக் கொளுத்தினார்கள். காற்று திசைமாறியது. எரிந்த சோகைகள் பறந்துவந்து மேற்குத் தோப்பில் விழுந்தன. பொன்னியம்மாள் ஓடிவந்தபோது தீ உள்ளே புகுந்துவிட்டிருந்தது. பெருந்தீ அல்ல, முழங்காலுக்கு மேல் எழவில்லை. ஆனால் அது சருகின்மேல் நீர்போல் பரவிற்று. அவள் குவித்துவைத்த இடத்திலெல்லாம் நின்று நிதானமாக எரிந்தது. மரத்தின் மெல்லிய பட்டையை வேகவைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிற்று. தறிகளை விட்டு ஆண்கள் குடத்தோடு வந்தார்கள். இரண்டு படி இறங்கிய கிணற்றிலிருந்து எத்தனை குடம் ஏறும்? தீ வரப்புவரை வந்தது. வரப்புக்கு அப்பால் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. வெள்ளை மணலில் விழுந்த பொறிகள் விழுந்த இடத்திலேயே கறுத்து அவிந்தன.

மேற்குப் பாதியில் ஒரு மரமும் தப்பவில்லை. ஒரு வாரத்தில் இலைகள் செம்பட்டையாகி, நின்றபடியே செத்தன. கிழக்குப் பாதியில் ஓர் இலையும் வாடவில்லை.

செய்தி கேட்டதும் சுந்தரி, மூன்றாம் மாதம் முடியும்வரை காத்திராமல், பச்சைக் குழந்தையோடு வந்துவிட்டாள். பேருந்திலிருந்து இறங்கி நேரே தோப்புக்குத்தான் வந்தாள். ஊரார் அவளிடம் முன்னமே சொல்லியிருந்தார்கள். வந்தவள் பொன்னியம்மாளின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதாள்.

"உன் பக்கம் பெருக்கக்கூட நிக்காம எம் பக்கத்தப் பெருக்கி வெச்சியாமேக்கா. எங்கம்மா கூட எனக்கு இப்டிச் செய்யமாட்டா."

 பொன்னியம்மாள் அழுகிறவளின் முகத்தைப் பார்த்தாள். நன்றியைக்கூட இவள் எத்தனை முழுமையாகச் செலுத்துகிறாள், தனக்கு இப்படி ஒருவரிடம் ஒருநாளும் அழ வந்ததில்லையே என்று, அந்த நிலையிலும் பொறாமை தலைநீட்டியது. தன் தோப்பு சாம்பலாய்க் கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு இதையா நினைக்கிறோம் என்று அவளுக்கே அச்சமாகப் போயிற்று.

அடுத்த நாளிலிருந்து சுந்தரி காலைதோறும் ஒரு செம்பு எருமைப்பால் கொண்டுவந்து வைத்தாள். தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் அக்காவின் பெருமையைச் சொன்னாள். பால் கெட்டியாகத்தான் இருந்தது. பொன்னியம்மாள் அதைக் கணவருக்கு ஊற்றுவாள், மோருக்கு வைப்பாள், தன் வாயில் மட்டும் வைக்கமாட்டாள்.

சித்திரை முடிவில் ஜோசப்ராஜ் வந்தார். தகரப் பலகையையும், எழுதுவதற்கு ஒரு பெயிண்டரையும் கூட்டிவந்தார். எரியாமல் நின்ற கிழக்குத் தோப்பே தேர்வாகியிருந்தது. சருகு போனாலும் மூன்று ஆண்டு மண்ணுக்குள் இறங்கியது இன்னும் மரங்களைத் தாங்கியது. சகோதரர் இருவரும் வந்திருந்தார்கள். எரிந்த மரங்களை விலைபேச வந்த தனக்கோடியும் நின்றார். பலகையில் எல்லாம் எழுதி முடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"அக்கா பேர எழுதுங்க சார்" என்றாள் சுந்தரி. "மரம் என்னுதுதான். காப்பாத்துனது அவங்க."

ஜோசப்ராஜ் தசரதனைப் பார்த்தார். தசரதன் சரி என்று தலையாட்டினான். பெயிண்டர் தூரிகையை நனைத்து, பொன்னியம்மாள் என்பதற்கு எத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அரையாண்டாக அவள் கண்ட கனவு ஒரு சாண் தொலைவில் இருந்தது. பேசாமல் நின்றால் போதும். அம்மன் சந்நிதியில் கேட்டதே கிடைக்கிறது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கொடுப்பவள் சுந்தரி. பலகையில் ஏறினாலும் அது சுந்தரி கொடுத்த பெயராகவே இருக்கும். பேருந்தில் போகிறவர்களுக்குத் தெரியாது, தனக்குத் தெரியும். அதைவிட, பால்செம்போடு நாளைக் காலையும் அவள் வருவாள்; நாளை மறுநாளும் வருவாள். அந்தச் செம்பை இனியும் வாங்கிவைக்கப் பொன்னியம்மாளால் ஆகாது.

"எழுதாதீங்க" என்றாள். குரல் வெளிவந்தது அவளுக்கே வியப்பு. "அவ தோப்ப காப்பாத்தறதுக்கு நான் பெருக்கல. அவ மரம் எளைக்கட்டும்னு பெருக்குனேன். அள்ளுனதெல்லாம் எம் பக்கம் கொட்டிக்கினேன். அதான் என்னுது அப்டி எரிஞ்சுது."

 தனக்கோடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எரிந்த மரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னப்பையன் தரையைப் பார்த்தார். அவருக்கு அது முற்றிலும் புதுச் செய்தியாக இருந்ததாகத் தெரியவில்லை. சுந்தரி குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஒரு மாசமா பால் ஊத்துனேனேக்கா. அப்பகூட சொல்லத் தோணலியா?"

"தோணுச்சு. வாய் வரல."

 சுந்தரி பெயிண்டரிடம் திரும்பினாள். "என் பேரே எழுதுங்க. நல்லா பெரிசா எழுதுங்க."

பெரிதாகவே எழுதினார்கள்.

மறுநாள் பால் வரவில்லை. பேச்சும் நின்றது. கிணற்றடியில் எதிர்ப்பட்டால் சுந்தரி குடத்தை வைத்துவிட்டு, மற்றவள் போகும்வரை காத்திருப்பாள். பொன்னியம்மாளுக்கு அது நெஞ்சில் முள். ஆனாலும் அந்தப் பாலைவிட இந்த முள்ளோடு வாழ்வது எளிதாயிருந்தது.

வைகாசியில் தனக்கோடியின் ஆட்கள் எரிந்த மரங்களை வெட்டினார்கள். நின்றபடி உலர்ந்த கட்டை, பட்டறைக்கு ஏற்றது. சில நாட்களுக்கு ஆரணிப் புகைபோக்கியில் போனது அவள் குடம் சுமந்து வளர்த்து, மூன்றரை ஆண்டில் காற்றிலிருந்து இறக்கியதுதான். வெட்டி முடித்ததும் ஆட்கள் கடப்பாரை எடுத்தார்கள். சவுக்கை வேரோடு பெயர்ப்பதுதான் வழக்கம்.

அவள் தடுத்தாள். தனக்கோடிக்குப் புரியவில்லை. "வேர்க்கட்ட தாம்மா கொப்பரைக்கு நின்னு எரியும். மண்ணுல மக்கிப் போறதுக்கு இன்னாத்துக்கு உடற?"

"மக்கட்டும்" என்றாள்.

ஐப்பசி வந்தது. ஜோசப்ராஜ் புதிய கன்றுகள் கொடுத்தார். கட்டைகளுக்கு நடுவே, உழாமல், கரி கலந்த மண்ணில் குழி பறித்து நட்டாள். மழை விட்டால் வெயிலில் கறுத்த மண் கொதிக்கும், கன்றின் அடியை மூடிவை என்று அவர் சொல்லியிருந்தார். மூடுவதற்கு அவளிடம் ஒரு பிடி சருகு இல்லை. வரப்புக்கு அப்பால் ஏழு மாதச் சருகு மீண்டும் படிந்துகிடந்தது. சுந்தரி அதைத் தொடவே இல்லை.

மூன்று நாள் பொன்னியம்மாள் வரப்புவரை போய்த் திரும்பினாள். திருடியபோது கால் இத்தனை தடுமாறவில்லை. நான்காம் நாள் சுந்தரி தோப்பில் இருக்கும்போதே வெறுங்கூடையோடு போய் வரப்பின்மேல் நின்றாள்.

"சுந்தரி, நாலு கூட சருகு குடுப்பியா? கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு வந்தேன்."

சுந்தரி திரும்பிப் பார்க்கவில்லை. கீழ்க்கிளை ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தாள். "கேக்கறதுக்கு இப்பதான் தெரிஞ்சுதா?"

"இப்பதான்."

கிளை முறிந்து விழுந்தது. அதை எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டுத்தான் அவள் வந்தாள். "தொடப்பம் எடுத்தாந்தியா?"

"இல்ல."

"கையால மேலாக்க அள்ளு. அடியில இருக்கறது எம் மரத்துக்கு."

பொன்னியம்மாள் மண்டியிட்டு அள்ளினாள். உலர்ந்த மேற்சருகின் கீழே விரல்நுனி பட்ட இடம் குளிர்ந்திருந்தது. பெருக்கி வெறுமையாக்கிய மணலில் அதற்குள் ஈரம் ஊறியிருந்தது. தன் பக்கத்துக்கு இந்த ஈரம் வர எத்தனை மழை ஆகுமோ என்று நினைத்தாள். சுந்தரி இடுப்பில் கைவைத்து, கூடைமேல் கண் வைத்து, அருகிலேயே நின்றாள். நான்காம் கூடை நிறைந்ததும், "அவ்ளோதான்" என்றாள். பிறகு, "வேணும்னா பொங்கலுக்கப்பறம் வா, கேளு" என்றாள்.

கொடுப்பவளாக இப்போதும் அவள்தான் நிற்கிறாள். அது பொன்னியம்மாளைச் சுட்டது. சுடச்சுடவே கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பைத் தாண்டி, முதற்கன்றின் அருகே குனிந்து, சருகைத் தண்டைச் சுற்றி மெல்லப் பரப்பத் தொடங்கினாள்.